சிலுவை போடும் கைப்பக்கம்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்தது ஜெர்மன்காரன் மேல் கோபப்பட்டு அல்ல. யுத்தம் வந்ததும், கரையை விட்டு வெகுதூரம் வள்ளம் போகக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அவருக்குத் தெரிந்த தொழிலோ கடலுக்கடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு சங்கு பொறுக்குவது. முத்துக்குளிப்பு அவர் சிறுபிள்ளையாக இருந்த காலத்தோடு நின்றுபோயிற்று. சங்குதான் எங்கள் அடுப்பை எரித்தது. அதுவும் நின்று, பர்மா அரிசியும் வராமல் போன பிறகு, வீட்டில் சோளக்கஞ்சி காய்ச்ச ஆரம்பித்தோம். எனக்குக் கையில் பல் முளைக்காத குழந்தை. சோளக்கஞ்சி குடித்தால் பால் சுரக்குமா என்று ஒருநாள் கவலைப்படுவேன். சுரக்கிற பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மறுநாள் கவலைப்படுவேன்.

அந்தச் சமயத்தில்தான் துறைமுகக் காவலுக்கு ஆள் எடுப்பதாகத் தமுக்கு அடித்தார்கள். சேருகிறவனுக்கும் அரிசி, அவன் வீட்டுக்கும் அரிசி. எங்கள் தெருவிலிருந்து மட்டும் ஒரு தோணி கொள்ளும் அளவுக்கு ஆண்கள் போய்ப் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் ஒரு தண்டல், கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். மீசைக்கு மை தடவி, வயதைக் குறைத்துச் சொல்லி அவரும் சேர்ந்துவிட்டார். முதல் நாள் வெயிலில் ஓடவிட்டதும் மை வழிந்து வாய்க்குள் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கடற்கரையோரம் காலியாகக் கிடந்த, பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றைத்தான் பயிற்சி முகாமாக ஆக்கியிருந்தார்கள். முன்னால் மைதானம், அதைச் சுற்றி ஓலைத் தட்டி வேலி. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனால் பயிற்சி முடியும்வரை யாரும் வீட்டுக்கு வரக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரையும் வரிசையாக மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பூசை முடிந்து திரும்பியதும் முகாம் வாசலில் கொஞ்ச நேரம் வீட்டு ஆட்களோடு பேசலாம். அவ்வளவுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மொட்டைத்தலை, காக்கிக் கால்சட்டை, பெரிய பூட்ஸ். பிறந்ததிலிருந்து செருப்புக்கூடப் போட்டறியாத கால் அது. குழந்தையை வாங்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மனிதர் முகத்தில் அப்படி ஒரு குழப்பம்.

"ஏளா, நீ கான்வென்டுல படிச்சவதானே. எனக்கு ஒண்ணு விளங்கல. எங்களப் பழக்குற ஹவில்தாரு 'ரைட் டர்ன்'னு சத்தம் போட்டா நாங்க எல்லாரும் சோழாவத் திரும்புதோம். ஒருத்தன்கூடப் பிசகல. அப்புறமும் ஏசுதாரு."

எங்கள் கடற்கரையில் தெற்கைச் சோழா என்பார்கள், வடக்கை வாடா என்பார்கள். வள்ளத்தில் இருக்கிறவனுக்கு வலதும் இடதும் கிடையாது. வள்ளம் திரும்பினால் வலதும் இடதும் மாறிவிடும். சோழாவும் வாடாவும் மாறாது. முதல் நாள் ஹவில்தார் அவர்களைக் கடலைப் பார்க்க நிறுத்திப் பழக்கியிருக்கிறார். கடலைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் தெற்கு. ஆகவே ரைட் என்றால் இங்கிலீஷில் சோழா, லெஃப்ட் என்றால் வாடா என்று தண்டல் எல்லாருக்கும் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டார். மறுநாள் கிட்டங்கியைப் பார்க்க நிறுத்தி ரைட் டர்ன் என்றதும் மொத்தப் படையும் ஒரே வீச்சில் இடது பக்கம் திரும்பியது.

ஹவில்தார் வட ஆற்காட்டுக்காரர். கடலையே இங்கு வந்துதான் முதன்முதலாகப் பார்த்தார். நல்ல மனிதர், தொண்டை மட்டும் பொல்லாதது. அவர் வரிசையை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாராம். பிறகு, "ஒருத்தன் தப்பு பண்ணா அவன அடிக்கலாம். எல்லாரும் ஒண்ணா, ஒரே மாதிரி தப்பு பண்றீங்களே, இதுக்கு இன்னாய்யா பேரு?" என்று கேட்டாராம்.

நான் சிரித்துவிட்டேன். ஆனால் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பயிற்சி முடிவில் வெள்ளைக்கார ஆபீசர் ஒருவர் வந்து பரீட்சை வைப்பாராம். தேறினவர்களுக்கு இங்கேயே துறைமுகத்தில் காவல் வேலை. தேறாதவர்களை வடக்கே ஒரு பெரிய டிப்போவுக்கு ரயிலேற்றிவிடுவார்களாம். அங்கே முதலிலிருந்து பயிற்சி, அதன்பின் எந்தப் பக்கம் அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் குழந்தையைக் கையில் வாங்கினார். வாங்கியவர் மணி அடிக்கும்வரை திருப்பித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து நான் என் மதினியிடம், அதாவது அவருடைய அக்காவிடம், எல்லாவற்றையும் சொன்னேன். மதினி எங்களோடுதான் இருந்தார்கள். நாக்கு கொஞ்சம் காரம். "எந்தம்பி பத்து பாகம் ஆழத்துல கண்ண மூடிக்கிட்டு சங்கு எடுப்பான். நெலத்துல ஒரு பக்கம் திரும்பத் தெரியலையாமா?" என்று சொல்லிவிட்டு, "சோத்துக்கைப் பக்கம்னு சொல்லிக் குடுத்தா என்ன?" என்றார்கள்.

அதை ஹவில்தாரும் செய்து பார்த்துவிட்டார். நின்ற இடத்தில் மெதுவாகச் சொன்னால் சரியாகத்தான் திரும்பினார்கள். வேகமாக நடக்கவிட்டுக் கத்தினால் கால் தானாகச் சோழாவுக்குப் போய்விடும். கடலில் தண்டல் ஒரு பக்கத்தைச் சொல்லிக் கத்தினால் யோசிக்காமல் திரும்ப வேண்டும், யோசித்தால் பாறையில் மோதும். அப்படிப் பழகின உடம்பு.

அன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். குழந்தை மடியில் முனகிக்கொண்டிருந்தது. என் மனம் செபத்தில் இல்லை. மாதாவிடம் என்ன கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அவர் தேற வேண்டும் என்று கேட்டால் இந்தத் துறைமுகத்திலேயே நிற்பார். குண்டு விழுந்தால் முதலில் விழப்போவது துறைமுகத்தில்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், பாதிப் பேர் உடன்குடிப் பக்கம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். தேற வேண்டாம் என்று கேட்கலாமா? கேட்டால் வடக்கே போவார், அங்கிருந்து சண்டைக்கே போனாலும் போவார். ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் நல்லது. ஆனால் அரிசி நின்றுவிடும். இதை எல்லாம் மதினியிடம் சொன்னேன்.

"ஏளா, நீ கேக்கறதக் கேட்டா மாதாவுக்கே தல சுத்திரும் போலிருக்கு. பேசாம சிலுவயப் போட்டுட்டு எந்திரி" என்றார்கள்.

சிலுவை போட்டேன். அப்போது மடியில் பிள்ளை, ஒரு கையில் ஜெபமாலை, மனம் எங்கேயோ. ஆனாலும் வலது கை தானாக நெற்றிக்குப் போனதைக் கவனித்தேன். கடலுக்குப் போகிறவர்களும் அப்படித்தான். வள்ளத்தில் கால் வைக்கும் முன்னும், தண்ணீரில் குதிக்கும் முன்னும் கை தானாக எழும். தூக்கத்தில் தும்மினாலும் எழும். இந்தக் கடற்கரையில் இடது கையால் சிலுவை போடுகிறவன் ஒருவனும் கிடையாது. யோசிக்காமல் எழும் கை அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை அவரிடம் சொன்னேன். ரைட் என்று காதில் விழுந்தால் சிலுவை போட நினையுங்கள், எந்தக் கை அசைகிறதோ அந்தப் பக்கம் திரும்புங்கள் என்று. அவர் அங்கேயே வாசலில் நின்று ஒருமுறை செய்து பார்த்தார். பக்கத்தில் நின்ற தண்டலும் செய்து பார்த்தார். "இது நல்லாருக்கே தாயி" என்றார்.

சொல்லிவிட்டு வந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. சிலுவை அடையாளம் விளையாட்டுக் காரியமா? அதைக் கவாத்துக்குப் பயன்படுத்தலாமா? பாவம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சாமியாரிடம் சொன்னேன். நடுவில் இருந்த தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மரியாதையோடு போட்டால் பாவமில்லை, கூடவே மந்திரத்தையும் மனதில் சொல்லச் சொல் என்றார். 'பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து' என்று முழுக்கச் சொல்ல ரைட்டுக்கும் டர்ன்னுக்கும் நடுவில் நேரம் போதாது சாமி என்றேன். அப்படியானால் 'சேசுவே' என்று மட்டும் சொன்னால் போதும் என்று அனுப்பிவிட்டார்.

யோசனை பலித்துவிட்டது. அளவுக்கு மீறிப் பலித்துவிட்டது. அந்த வாரம் ஹவில்தார் ரைட் டர்ன் என்று கத்தியபோதெல்லாம், மொத்தப் படையும் வலக்கையைத் தூக்கி நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போட்டுவிட்டு அழகாக வலது பக்கம் திரும்பியது. துப்பாக்கி இடது தோளில் இருந்ததால் வலது கைக்கு ஒரு தடையும் இல்லை. ஓலை வேலி இடுக்கு வழியாக இதைப் பார்த்த மீன்காரப் பெண்கள் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டார்கள். உப்பளத்துப் பக்கமிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்துப் போனார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் முகாம் வாசலுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் அங்கில்லை. அவருக்குப் பதிலாக ஹவில்தார் நின்றார். குழந்தையை இறுக்கிப் பிடித்ததில் அது வீரிட்டு அழுதது. என்னால்தான் அவரை வடக்கே அனுப்பிவிட்டார்கள், ரயில் போய்விட்டது, நான்தான் குடியைக் கெடுத்தேன் என்று நின்ற நிலையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

"நீதானேம்மா அந்த வாத்தியாரம்மா?" என்றார்.

தலையாட்டினேன்.

"ஒவ்வொரு தபாவும் சாமி கும்பிட்டுட்டுத் திரும்புறாங்க. மொதல்ல என்னைப் பாத்து பயந்துட்டாங்கன்னு நெனச்சேன். அப்பறம் கேலி பண்றாங்களோன்னு நெனச்சேன். கேட்டா நீ சொல்லிக் குடுத்தேன்றாங்க." குரலை இறக்கினார். "திரும்புறது சரியாத்தான் திரும்புறாங்க. நான் கொற சொல்லல. ஆனா தொர பாத்தா என் வேல போயிடும். கை தூக்காம கும்பிட எதுனா வழி இருக்காம்மா உங்க சாமிக்கு?"

அந்தப் பெரிய மனிதர் அப்படிக் கேட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. எங்களுக்குச் சின்னச் சிலுவை என்று ஒன்று உண்டு. சுவிசேஷம் வாசிக்கும்போது கட்டைவிரலால் நெற்றியிலும் வாயிலும் நெஞ்சிலும் வரைவது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் கற்றுக்கொடுப்போம். கையை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் ஆள்காட்டி விரலின் மேல் அந்தச் சிலுவையை வரையலாம், வெளியே தெரியாது என்று செய்து காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். தன் கையை மூடிப் பார்த்தார். பட்டாளத்தில் நிற்கும்போது கை இப்படித்தான் இருக்க வேண்டுமாம்: விரல்கள் மடங்கி, கட்டைவிரல் மேலே படிந்து.

"இத்த முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஏசிவிட்டு, உள்ளே போய் என் வீட்டுக்காரரை வெளியே அனுப்பினார்.

பரீட்சை நாள் வந்தது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் வேலி ஓரத்தில் கூடினோம். மதினி என்னைவிட முந்திப் போய் நல்ல இடுக்காகப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். காலையிலேயே வருவதாகச் சொன்ன ஆபீசர் வரவில்லை. ஏதோ கப்பல் விஷயமாகத் துறைமுகத்தில் நின்றுவிட்டாராம். வெயில் ஏறிக்கொண்டே போனது. தண்டலின் மீசை இந்தத் தடவை இயற்கை வெள்ளையாகவே இருந்தது. குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, வெயிலில் கொண்டுவந்தது தப்போ, வீட்டில் விட்டுவந்திருந்தால் அழுதிருக்குமோ என்று நான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசர் கடைசியில் வந்தார். சிவந்த முகம், கையில் பிரம்பு. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஹவில்தாரின் தொண்டை எழுந்தது. ரைட் டர்ன், லெஃப்ட் டர்ன், அபவுட் டர்ன். கடலைப் பார்த்தும் திரும்பினார்கள், கிட்டங்கியைப் பார்த்தும் திரும்பினார்கள். ஒரு கையும் உயரவில்லை. என் கட்டைவிரல்தான் குழந்தையின் முதுகில் ஒவ்வொரு தடவையும் சிலுவை வரைந்துகொண்டிருந்தது.

"தேறிட்டான்" என்றார்கள் மதினி. அதற்குள் சொல்லாதீங்க மதினி என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, படை வேகநடையில் கிட்டங்கியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, மாதா கோயில் மணி அடித்தது.

நடுப்பகல் மணி. திரிகால செபத்துக்கான மணி. எங்கள் ஊரில் அந்த மணி கேட்டால் வலை இழுக்கிறவன் வலையைப் பிடித்தபடி நிற்பான், அடிக்கப் போன தாய் கையை ஓங்கினபடி நிற்பாள். வேலி ஓரத்தில் நின்ற நாங்கள் எல்லாரும் தலை குனிந்தோம். ஆகவே நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் கேட்டேன். அத்தனை பூட்ஸும் சேர்ந்து ஒரே சத்தமாக நின்றது. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. யாரும் நிற்கச் சொல்லவில்லை. அவர்களாகவே நின்றுவிட்டார்கள்.

போயிற்று என்று நினைத்தேன். செபத்தின் நடுவில், மாதாவின் பிரியதத்த மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே, ரயில் எந்தக் கிழமை புறப்படும் என்றுகூட நினைத்துவிட்டேன்.

அப்போதுதான், அரைமூச்சு தாமதமாக, ஹவில்தாரின் குரல் மைதானம் அதிரக் கேட்டது: "ஹால்ட்."

மணி ஓயும்வரை யாரும் அசையவில்லை. தலை நிமிர்ந்து பார்த்தேன். தண்டலின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஆபீசர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோயில் பக்கம் ஒருமுறை பார்த்தார், ஹவில்தாரை ஒருமுறை பார்த்தார். ஹவில்தார் கல்லாக நின்றார், வியர்வை மட்டும் கழுத்தில் ஓடியது. ஆபீசர் ஏதோ கேட்டார், இவர் ஏதோ சொன்னார். பிறகு ஆபீசர் தலையை அசைத்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

என்ன பேசினார்கள் என்பது எங்களுக்கு அன்று சாயங்காலம்தான் தெரிந்தது. இந்த இடத்தில் ஏன் நிறுத்தினாய் என்று ஆபீசர் கேட்டாராம். நிற்பதையும் காட்டலாம் என்றுதான், சார் என்றாராம் ஹவில்தார். இந்த முகாமில் இதுவரை இவ்வளவு சுத்தமாக ஒரு படை நின்று நான் பார்த்ததில்லை என்றாராம் ஆபீசர். அவருக்கு மெய்யாகவே தெரியவில்லையா, தெரிந்தும் விட்டுவிட்டாரா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் யோசிக்கவில்லை. படை முழுவதும் தேறிவிட்டது, துறைமுகத்திலேயே காவல், அது போதும் அவருக்கு.

இந்தச் சேதியைச் சொல்ல அவரே வீட்டுக்கு வந்தார். பயிற்சி தொடங்கிய பிறகு முதல் தடவையாக எங்கள் வாசற்படி ஏறினார். நான் குழந்தையை அவரிடம் நீட்டினேன். அது பூட்ஸைப் பார்த்ததோ காக்கியைப் பார்த்ததோ, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. அவர் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நின்றுவிட்டார்.

"மொதல்ல இந்த வேசத்தக் கழட்டுலே. பிள்ளை பயப்படுது" என்றார்கள் மதினி.

கிணற்றடிக்குப் போய்க் குளித்து, பழைய சாரத்தைக் கட்டிக்கொண்டு, மொட்டைத்தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். குழந்தை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. துண்டைப் பிடித்து இழுத்தது. மொட்டைத்தலையை இரண்டு கையாலும் தட்டிப் பார்த்துவிட்டு, அதன்மேலேயே கன்னத்தைச் சாய்த்துக்கொண்டது. மாதாவிடம் என்ன கேட்பது என்று தெரியாமலே இருந்துவிட்டேனே, கேட்காததைத் தந்தவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டே நான் உலையில் அரிசியைப் போட்டேன். ரேஷன் அரிசிதான், கல் நிறைய இருக்கும். அன்று நான் அதைப் பொறுக்க மறந்துவிட்டேன். அவர் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.